சத்தம் இல்லை, மாமாவும் இல்லை

"ஜூன் 24, ஞாயிறு. காலை 10.14. நெய்யாற்றின்கரை, பஸ் நிலையத்துக்கு எதிர்ப்புறம். ஓடோமீட்டர் 61,308. வானம் மூட்டம். வண்டிக்குள் சத்தம்: இல்லை. மாமா: இல்லை."

'வண்டிச் சத்தப் பதிவேடு' என்று நானே பெயரிட்டு அட்டை போட்ட நோட்டின் இரண்டாம் தொகுதியில், நாற்பத்தேழாம் பக்கத்தில் இருக்கும் கடைசிக் குறிப்பு இது. அதற்குப் பிறகு பக்கங்கள் எல்லாம் வெள்ளை. ஆண்டை வேண்டுமென்றேதான் இங்கே எழுதவில்லை. எழுதினால் என் மனைவி சுபா எத்தனை வருடம் ஆயிற்று என்று விரல் மடக்கி எண்ண ஆரம்பிப்பாள். அதுதான் தாங்காது.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எல்லாவற்றையும் குறித்து வைக்கிற பழக்கம் எனக்குப் பத்து வயதிலிருந்து உண்டு. மழை பெய்த நாள், தெருவில் மின்சாரம் போன நேரம், பல் பிடுங்கிய தேதி எல்லாம் இருக்கும். குறித்து வைப்பவன் கவனிப்பவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேனா ஓடும்போது கண்ணும் காதும் லீவில் போய்விடுகின்றன என்பது முப்பத்து நான்காம் வயதில், மேலே சொன்ன இடத்தில், மேலே சொன்ன நேரத்தில்தான் தெரிந்தது.

அந்தக் காரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். இரண்டாம் கையாக வாங்கிய சின்ன டீசல் கார். இஞ்சினில் மூன்றே சிலிண்டர். நாலு பேர் தூக்க வேண்டிய பல்லக்கை மூன்று பேர் தூக்கிக்கொண்டு நிற்பது போல, சிக்னலில் நிற்கும்போதே ஆடும். டிக்கி என்று தனியாக ஒன்று கிடையாது. பின்கதவைத் திறந்தால் பின்சீட்டின் முதுகு தெரியும். இடையில் சுவர் இல்லாததால், டயர் தார்ச்சாலையைத் தேய்க்கிற சத்தம் பின்சக்கரக் குழிவுகளின் வழியாக ஏறி, அந்தக் காலி இடத்தில் நின்று முழங்கி, பிறகு சாவகாசமாக முன்னே வரும். கதவோர ரப்பர் தேய்ந்து போயிருந்ததால் காற்றும் விசிலடிக்கும். என் பதிவேட்டின் முதல் தொகுதியில் இப்படி எழுதியிருக்கிறேன்: "20 கி.மீ. வேகம்: அம்மி. 40: மாவு மில். 60: மாவு மில், பக்கத்தில் மர அறுவை மில். 80: துணியவில்லை."

இந்தச் சத்தத்தை நாங்கள் வெறுத்தோம் என்று நினைக்க வேண்டாம். திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டில் கீழே அம்மாவும் அண்ணன் குடும்பமும். மேலே நானும் சுபாவும். மாடிப்படிக்குக் கதவு கிடையாது. மேலே நான் தும்மினால் கீழேயிருந்து அண்ணி "நூறாயுசு" என்பார். ஆகவே கல்யாணமான நாளிலிருந்து நானும் சுபாவும் மனம் விட்டுப் பேசிய ஒரே இடம் அந்தக் காரின் முன்சீட்டுதான். பின்சீட்டில் யார் இருந்தாலும் கவலையில்லை. முன்னால் பேசுவது பின்னால் போகாது. பின்னால் பேசுவது முன்னால் வராது. அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அம்மாவின் புளிக்குழம்பைப் பற்றி பழவங்காடியிலிருந்து வீடுவரை விவாதித்திருக்கிறோம். அம்மா பாட்டுக்கு ஜன்னல் வழியே பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு வருவார். இஞ்சின் எங்களுக்குச் சுவர் எழுப்பிக் கொடுத்திருந்தது. (அந்தச் சுவரை நானே இடித்தேன். பொறுங்கள், வருகிறேன்.)

இனி மாமா. சுபாவின் அப்பா. தக்கலைக்குப் பக்கத்தில் ஓர் அரிசி மில்லில் முப்பத்தோரு வருடம் மெஷின் பார்த்தவர். இடது காது மந்தம். "இந்தக் காது மில்லுக்குக் குடுத்தாச்சு, மத்தது எனக்கு" என்பார். அத்தை போன பிறகு தனியாகத்தான் இருந்தார். அந்த வருடம் மே மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல், பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்க்கும் வரை ஈரத்தரையில் கிடந்திருக்கிறார். எலும்பு முறியவில்லை. இடுப்பில் அடி. ஆனால் சுபா அதற்குப் பிறகு உடைந்துபோனாள். காலையில் போன் அடித்து மாமா எடுக்கத் தாமதமானால் இட்லித் தட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நிற்பாள்.

"இங்க வந்து இருங்கப்பா" என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வருடமும் அவர் "பாப்போம் மக்களே" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். (தக்கலைப் பக்கம் ஒற்றை மகளும் 'மக்களே'தான்.) ஜூன் ஒன்றாம் தேதி, அவராகவே போனில் சொன்னார்:

"ஒரு மாசம் வந்து இருந்து பாக்கேன். மனசுக்குப் பிடிச்சா அங்கயே இருந்துக்கிடுதேன். பெட்டியோடதான் வாறேன்."

சுபா போனைக் காதிலிருந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, என்னைக் கேட்கும்படி சைகை காட்டினாள். அப்போது மாமா தொடர்ந்தார்:

"ஆனா ஒனக்க மாப்பிள்ளைக்க வண்டி மட்டும் வேண்டாம். அந்தச் சவத்து வண்டியில வந்தா கரமனைக்கு எனக்க எலும்பு வந்து சேரும். நான் தக்கலையிலயே கிடப்பேன்."

நியாயம்தான். கல்யாணமான நான்கு வருடத்தில் மாமா எங்கள் காரில் பதினொரு தடவை ஏறியிருக்கிறார். (தேதிகள் முதல் தொகுதியின் பின்னிணைப்பில் உள்ளன.) ஒவ்வொரு தடவையும் இறங்கியதும் இடுப்பில் கைவைத்து ஒரு நிமிடம் நிற்பார்.

"நல்ல டாக்ஸி ஒண்ணு பிடிச்சிருவோம்" என்றாள் சுபா.

சாதாரண மனிதன் சரி என்றிருப்பான். நான் இரண்டு தொகுதி பதிவேடு வைத்திருந்தவன். சாலைக் கடைத்தெருவில் எங்கள் குடும்பத்துக்கு இரும்புச் சாமான் கடை. ரப்பர் பீடிங், கம்பளித் தாள், பசை, ஸ்குரூ எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில். கார்களில் அதிர்வும் இரைச்சலும் எப்படிப் பிறக்கின்றன என்று நூலகத்தில் இரண்டு தடித்த புத்தகங்களை வேறு படித்திருந்தேன்.

"டாக்ஸி வேண்டாம். உங்கப்பாவை ஒரு டம்ளர் தண்ணி மாதிரி கொண்டுவந்து வைக்கிறேன்" என்றேன்.

இருபத்திரண்டு நாள் வேலை செய்தேன். கிள்ளிப்பாலத்தில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் ஷாஜியிடம் வண்டியைக் கொண்டுபோய், சீட்டுகளையெல்லாம் கழற்றச் சொன்னேன். ஷாஜி காலி வண்டியின் தரையில் விரலால் தட்டினான். கேரளத்துக் கோயில் மேளம் போல டும் என்றது.

"அண்ணா, இது வண்டியில்ல, செண்டையாணு. செண்டைக்குள்ள ஏறி இருந்துட்டு சத்தம் ஜாஸ்தின்னு பரஞ்சா நான் எந்து செய்யும்?"

"செண்டைக்குத் துணி சுத்தினா?"

"சுத்தலாம். பின்னே அது செண்டை இல்லல்லோ" என்றான். அதில் ஓர் எச்சரிக்கை இருந்ததாக இப்போது தோன்றுகிறது. அப்போது பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

தகரம் அதிராமல் இருக்க ஒட்டுகிற கறுப்பு ஷீட்டைத் தரையிலும் கதவுகளிலும் பின்சக்கரக் குழிவுகளிலும் ஒட்டினோம். அதன் மேல் கம்பளித் தாள். கதவோரம் இரட்டை ரப்பர். வண்டியை எடுத்துப் பார்த்தபோது பெரிய இரைச்சல் போய்விட்டிருந்தது. அது போனதும் அதன் நிழலில் இத்தனை காலம் ஒளிந்திருந்த சின்னச் சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சீட் பெல்ட்டின் கொக்கி கதவில் மோதுவது. மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் கண்ணாடி உருள்வது. கண்ணாடித்தாளில் சுற்றிய விபூதிப் பொட்டலம் முணுமுணுப்பது. ஒவ்வொன்றையும் பிடித்துப் பஞ்சு வைத்தேன். ஒரே ஒரு 'டிக் டிக்' மட்டும் அகப்படவில்லை. எட்டு நாள் தேடினேன். டாஷ்போர்டை இரண்டு தடவை கழற்றினேன். ஒன்பதாம் நாள் தனியாக ஓட்டிப் பார்த்தபோது அது நின்றுவிட்டிருந்தது. அது சுபாவின் கைக்கடிகாரம்.

சத்தத்துக்குப் பிறகு குலுக்கல். டயரில் காற்று கூடுதலாக இருந்தால் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புக்குத் தகவல் அனுப்பும் என்று படித்திருந்தேன். முப்பத்து மூன்றில் இருந்த காற்றை இருபத்து நான்குக்கு இறக்கினேன். பின்சீட்டின் மேல் நாலு அங்குல ஃபோம் மெத்தை வெட்டிப் போட்டேன்.

"அண்ணா, காத்து குறைச்சா குலுக்கம் குறையும், ஆட்டம் கூடும். வயசான ஆளல்லே?" என்றான் ஷாஜி.

"அவருக்கு வயிறு இரும்பு. இடுப்புதான் பிரச்சினை" என்றேன். (மாமாவின் வயிற்றைப் பற்றி என்னிடம் எந்தப் பதிவும் இருந்ததில்லை.)

கடைசிச் சோதனையாக டாஷ்போர்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, கிழக்கேகோட்டையிலிருந்து கரமனை வரை ஓட்டினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. சுபா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஏதோ ஒண்ணு இல்லாத மாதிரியும் இருக்கு" என்றாள்.

"சத்தம்" என்றேன், பெருமையாக.

ஜூன் 24 காலையில் மாமா தயாராக நின்றார். நீலப் பெட்டி ஒன்று, சுருட்டிக் கட்டிய பாய் ஒன்று. வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, "கோழிக்குத் தீனி போட்டுக்கிடுங்க, நான் வர நாளாகும்" என்று அவர் சொன்னபோது சுபா என் கையைக் கிள்ளினாள். வலித்தது. அவ்வளவு சந்தோஷம்.

மாமா பின்சீட்டில் இடதுபக்கம், சுபாவுக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஃபோமில் பாதி ஆள் உள்ளே போனார். நான் சாவியைத் திருப்பினேன்.

"ஸ்டார்ட் பண்ணலியா மாப்பிளே?"

"ஓடிட்டுத்தான் இருக்கு மாமா."

அவர் கையை நீட்டி முன்சீட்டின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். மில் மெஷினைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம். "கொள்ளாமே!" என்றார். கல்யாணமாகி நான்கு வருடத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் பாராட்டு. நேரம் 8.54. வண்டியை நிறுத்திக் குறித்துக்கொண்டேன். வாழ்க்கையில் அதைவிட உயரத்துக்கு நான் போனதில்லை. அங்கிருந்து எல்லாம் இறக்கம்தான்.

அழகியமண்டபம் தாண்டியதும், மாமா சௌகரியமாக இருக்கிறாரா என்று அடிக்கடி திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் உள்கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இடதுபக்கமாகத் திருப்பிவைத்தேன். பதிவேட்டில் அதுவும் இருக்கிறது: "9.08. கண்ணாடி திருப்பப்பட்டது. மாமாவின் முகம் நன்றாகத் தெரிகிறது. நெற்றியில் வியர்வை. ஏ.சி. கூட்டப்பட்டது." விசிறியை எந்த எண்ணில் வைத்தேன் என்று எழுதவில்லை.

களியக்காவிளை தாண்டி, பாறசாலைக்கு வந்தபோது மாமா கண்ணை மூடியிருந்தார். பள்ளத்தில் இறங்கினால் வண்டி குலுங்கவில்லை. படகு போல ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, மறுபக்கம் சாய்ந்தது. அவர் தலையும் அதே தாளத்தில் சாய்ந்தது. தூக்கம் என்று எடுத்துக்கொண்டோம்.

"நிஜமாவே வாறாங்க, பாத்தீங்களா" என்றாள் சுபா. கண் கலங்கியிருந்தது. "நான் நம்பவே இல்ல. உங்களாலதான்."

இதைக் கேட்ட பிறகு ஒருவன் வாயை மூடிக்கொண்டு ஓட்ட வேண்டும். எனக்கோ தலை கனத்துவிட்டது.

"மேல உங்க நோட்டெல்லாம் இருக்கிற ரூமை அப்பாவுக்கு ஒழிச்சுக் குடுத்திரலாம். நோட்டையெல்லாம் பரணில ஏத்திருங்க" என்றாள்.

"இருபத்து நாலு வருஷ நோட்டு. பரணில கரையான்."

"அப்பா கரையானைவிட முக்கியம்லா?"

"முக்கியம்தான். ஆனா காலம்பற நாலரைக்கு உங்கப்பா தொண்டையைச் செரும ஆரம்பிச்சா, கீழ அண்ணன் வீட்டுல திருடன் வந்துட்டான்னு லைட்டைப் போடுவாங்க. வாய் கொப்புளிக்கிற சத்தத்துல ஆற்றுகால் வரைக்கும் ஊரே எந்திரிச்சிரும்."

"சும்மா இருங்க" என்றாள். ஆனால் உதடு துடித்தது.

எனக்கு அந்த உதடுத் துடிப்பு போதும். நான்கு வருடமாக முன்சீட்டில் அவளைச் சிரிக்க வைத்தே பழகியவன். தலையை அவள் பக்கம் திருப்பி, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்:

"கார்ச் சத்தத்தை அடக்கிட்டேன். உங்கப்பா சத்தத்தை அடக்க எந்தக் கடையில ஷீட் விக்கிதுன்னுதான் தெரியல. பரவாயில்ல, ஒரு மாசம்தானே? மழை விட்டதும் நானே கொண்டு விட்டுருவேன்."

சுபா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவள் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை. என்னை மன்னிப்பது என்ற கேள்வி வரிசையில் அதற்குப் பின்னால் நிற்கிறது.

ஆறு நிமிடம் கழித்து, நெய்யாற்றின்கரையில், பின்னாலிருந்து குரல் வந்தது.

"மாப்பிளே, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க."

மாமா இறங்கி ஒரு கடையின் ஓரமாக நின்றார். முகம் வெளுத்திருந்தது. சுபா தண்ணீர் பாட்டிலோடு ஓடினாள்.

"நெஞ்சைப் பெரட்டுது மக்களே. தொட்டில்ல போட்டு ஆட்டுன மாதிரி."

"வாந்தி வருதாப்பா?"

"வரல. வந்தா நல்லாருக்கும்."

நாலு வாய் தண்ணீர் குடித்தார். முகத்தைத் துடைத்தார். சாலையின் எதிர்ப்புறம், நாகர்கோவில் போகிற பஸ் ஒன்று இஞ்சினை ஓடவிட்டபடி நின்றது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் பல் கிட்டியது போல நடுங்கிக்கொண்டிருந்தது. மாமா அதையே பார்த்தார்.

"மக்களே, பெட்டிய எடு."

"எதுக்குப்பா?"

"நான் அந்த பஸ்ஸுல போறேன்."

"அப்பா! இன்னும் அரை மணி நேரம்தான். வீடு வந்திரும்."

"அரை மணி கழிச்சும் நான் இதே ஆளுதானே மக்களே" என்றார் மாமா, மெதுவாக.

நான் ஏதோ உளறினேன். டயரில் காற்றை ஏற்றிவிடலாம், மெத்தையை எடுத்துவிடலாம், ஜன்னலைத் திறந்துவிடலாம், நானே ஒரு டாக்ஸி கூப்பிடுகிறேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் தோளில் தட்டினார்.

"வண்டி நல்லாருக்கு மாப்பிளே. நல்லா மெனக்கெட்டிருக்கிய. சத்தமே இல்ல. நான் மில்லுல கிடந்தவன், எனக்குத்தான் ஒத்துக்கிடல."

பெட்டியை நான் தூக்கிக் கொடுத்தேன். பாயை சுபா கொடுத்தாள். கூடவே ஏறப்போனவளை அவர் கையமர்த்தினார். "நீ போ. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுதேன்." ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த நடுங்குகிற கண்ணாடியிலேயே தலையைச் சாய்த்தார். பஸ் திரும்புவதற்குள் கண்ணை மூடிவிட்டார். அப்போதுதான் நான், பழக்கதோஷத்தில், நோட்டை எடுத்து முதலில் சொன்ன அந்தக் குறிப்பை எழுதினேன். சுபா அதைப் பார்த்தாள்.

அவள் முன்சீட்டில் ஏறவில்லை. பின்சீட்டில், ஃபோமில் மாமா உட்கார்ந்திருந்த பள்ளத்திலேயே உட்கார்ந்தாள். கரமனைக்கு இன்னும் பதினேழு கிலோமீட்டர். அந்தக் கறுப்பு ஷீட் எவ்வளவு பிரமாதமாக வேலை செய்கிறது என்று எனக்கு அப்போதுதான் முழுமையாகத் தெரிந்தது. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. வளையல் கேட்டது. கைக்கடிகாரம் கேட்டது. பழைய வண்டியாக இருந்திருந்தால் இதில் ஒன்றுகூட எனக்குக் கேட்டிருக்காது. நிம்மதியாக ஓட்டிக்கொண்டு போயிருப்பேன்.

நேமத்தில் அவள் கேட்டாள்.

"நாம பேசினது இங்க வரைக்கும் கேட்டிருக்குமோ?"

அந்த நொடி வரை எனக்கு அந்த எண்ணமே வரவில்லை என்றால் நம்புவீர்களா? இருபத்திரண்டு நாள் சத்தத்தைத் துரத்தியவனுக்கு, சத்தம் போனால் பேச்சு கேட்கும் என்பது தோன்றவில்லை. வாய்க்குள்ளேயே முனகினேன்:

"கேட்டிருக்காது."

"நீங்க இப்ப சொன்னது எனக்குக் கேட்டுதே" என்றாள்.

அன்று மாலை மாமா போனில், "மாப்பிள்ளட்ட சொல்லு, உடம்புக்கு ஒண்ணும் இல்ல" என்றார். குரலில் எந்த வித்தியாசமும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால் குறித்து வைத்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு நான் ஒரு பரிசோதனை நடத்தினேன். (பதிவேட்டைத் தொட மனம் வரவில்லை, தனித்தாளில் எழுதினேன்.) சுபாவை மாமா இடத்தில் உட்காரவைத்து, அதே சாலையில், அதே வேகத்தில், ஏ.சி. விசிறியை ஒவ்வொரு எண்ணாக மாற்றி, அந்த வாக்கியத்தை அதே குரலில் சொன்னேன். ஒன்றில் முழுதும் கேட்டது. இரண்டில் 'உங்கப்பா சத்தத்தை' வரை கேட்டது. மூன்றில் ஒன்றும் கேட்கவில்லை. உறுதி செய்ய மூன்று சுற்று. மாமனாரைப் பற்றிச் சொன்ன அப்படியொரு வாக்கியத்தை மனைவியிடம் ஒன்பது தடவை திரும்பச் சொன்ன கணவன் திருவனந்தபுரம் மாவட்டத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. சுபா ஒவ்வொரு தடவையும் 'கேட்டுது', 'கேட்கல' என்று மட்டும் சொன்னாள். ஒன்பதாவது தடவை, "போதும்" என்றாள்.

அன்று விசிறி மூன்றாம் எண்ணில் ஓடியிருந்தால் நான் தப்பித்தேன். அவர் இறங்கியது வெறும் குமட்டல். ஆனால் அந்தக் குமட்டலையும் காற்றைக் குறைத்து, மெத்தையைப் போட்டு, நானேதான் தயாரித்துக் கொடுத்திருந்தேன். எந்தப் பக்கம் போனாலும் குற்றவாளிக்கூண்டில் நானேதான் நின்றேன். இருந்தாலும் இரண்டு குற்றங்களில் எது என்று தெரிந்துகொள்ள ஓர் ஆசை.

கறுப்பு ஷீட்டையெல்லாம் ஷாஜி உரித்து எடுத்தான். "செண்டை திரும்பி வந்நு அண்ணா" என்றான், ஆறுதலாக. வண்டி பழையபடி கத்தியது. முன்சீட்டில் நாங்கள்தான் பேசவில்லை.

மாமா அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தங்க வரவே இல்லை. சுபா கேட்பதையும் நிறுத்திவிட்டாள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு தக்கலைக்குப் போகிறோம். ஆனால் கதை மட்டும் நன்றாக ஊர் சுற்றியது. கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் மாமாவைச் சுற்றி ஒரு கூட்டம் உட்கார்ந்து, "அந்தத் தொட்டில் வண்டிக் கதையைச் சொல்லுங்க" என்று கேட்கும். அவரும் சொல்வார். ஃபோமில் புதைந்தது, படகு போல ஆடியது, நெய்யாற்றின்கரையில் இறங்கி ஓடியது எல்லாம். நடித்தும் காட்டுவார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அண்ணன் பிள்ளைகள் இன்றும் எங்கள் வண்டியை 'தொட்டில்' என்றுதான் சொல்கிறார்கள். கதையின் முடிவில் ஒவ்வொரு தடவையும் மாமா ஒரே மாதிரிதான் சொல்வார்: "வண்டிக்குள்ள ஒரு சத்தம் இல்ல, கேட்டியளா?" சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். ஒரு நொடி. அதற்கு மேல் இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால்கூடத் தேற்றிக்கொண்டிருப்பேன். இரண்டு வருடம் கழித்து மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் செண்டைமேளம், பக்கத்தில் இருப்பவர் காதில் கத்தினாலும் கேட்காது. மாமா ஒரு மூலையில். எதிர் மூலையில் அவரோடு மில்லில் வேலை செய்த பழைய கூட்டாளி. நடுவில் இருபது வரிசை நாற்காலி. இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். குரலே எழுப்பாமல், வாயை மட்டும் அசைத்து. அவர் ஏதோ கேட்க, இவர் பதில் சொல்ல, அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"என்ன பண்றாங்க ரெண்டு பேரும்?" என்று சுபாவின் காதில் கத்தினேன்.

அவளும் என் காதில் கத்தினாள். "மில்லுல அப்படித்தான். அந்தச் சத்தத்துல காதால பேச முடியுமா? வாயைப் பாத்துத்தான் பேசிக்கிடுவாங்க. அப்பாவுக்கு அது முப்பது வருஷப் பழக்கம்லா."

சொல்லி முடித்ததும் அவளுக்கும் உறைத்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மேளம் எங்களுக்குக் கேட்கவே இல்லை.

அப்படியானால் கறுப்பு ஷீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சுபாவுக்குப் பின்னால் உட்காருகிறவருக்கு, அவள் பக்கம் திரும்பிப் பேசுகிற என் வாய் நேராகத் தெரியும். போதாததற்கு 9.08-க்குக் கண்ணாடியை வேறு என் கையாலேயே அவர் பக்கம் திருப்பிவைத்திருந்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. அதற்கு முன்பு அவர் ஏறிய பதினொரு பயணங்கள். இரைச்சல் எங்களுக்குச் சுவர் என்று நம்பி, அவரைப் பின்னால் வைத்துக்கொண்டு நான் பேசியதெல்லாம். அவ்வளவும் தெரிந்தும்தானா பெட்டியோடு கிளம்பி வந்தார்?

மாமாவுக்கு இப்போது எழுபத்தொன்பது. நன்றாக இருக்கிறார். போன ஞாயிறுகூடக் கையால் முட்டை அவித்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதால்தான் கேட்கவில்லை.

ஆகவே பதிவுக்காக: ஜூன் 24 அன்று காலை, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில், மாமா கண்ணை மூடியிருந்தார் என்று நான் கடைசியாகக் கண்ணாடியில் பார்த்தது அந்த வாக்கியத்துக்கு முன்பு. அதைச் சொல்லும்போது நான் சுபாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவர் கண் மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.